ஒத்தி எடுத்த நம்பர்

நெருப்பெரிச்சல் ஊரில், பனியன் துணி பின்னும் கிட்டுசாமியின் நிட்டிங் யூனிட்டில், நின்றுபோன மெஷினுக்குப் பக்கத்தில் நாகஜோதி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மெக்கானிக் மாதவன் மெஷினின் எலக்ட்ரானிக் போர்டைக் கழற்றி, அதில் உப்பிப்போயிருந்த நீலக் கெபாசிட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்பெனி பேரில்லை, வோல்ட் இல்லை, ஓர் எழுத்துகூட இல்லை.

"அளவு தெரியாம வேறத மாட்டுனா வெடிச்சிரும் மொதலாளி. இந்த போர்டு இப்ப எங்கயும் கெடைக்காது."

கிட்டுசாமியிடம் இருப்பதே இந்த ஒரு மெஷின்தான். "ஆயுதபூசை வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு" என்றார்.

ஆயுதபூஜை என்றதும் நாகஜோதி மெஷினைவிட்டு ஓரடி தள்ளி நின்றாள். அவள் துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருப்பவள். எண்ணெய்க் கறையைக் கண்டால் கை சும்மா இராது. போன வாரம் பூஜைக்காக மெஷினைத் துடைக்கச் சொன்னபோது, பனியனில் கறை எடுக்கும் மருந்தை வைத்து இந்தப் போர்டையும் பளிச்சென்று ஆக்கிவிட்டாள். எழுத்தும் சேர்ந்து போனது இப்போதுதான் தெரிகிறது. சொன்னால் வேலை போகும். அருப்புக்கோட்டையிலிருந்து வந்து ஆறு வருஷமாகப் பிடித்து வைத்திருக்கிற வேலை. சொல்லாமல் மெஷினே போய்விட்டால் மட்டும் வேலை இருக்குமா, மூதேவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நாந்தான்யா தொடச்சேன். கற மருந்து போட்டு."

மாதவன் தலையில் கைவைத்தான். "போட்டுத் தேச்சியாக்கா?"

"தேச்சா கற பரவிருமே. ஒத்தித்தான எடுப்போம்?"

சொல்லும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. ஓடிப்போய், இன்னும் வியாபாரி எடுக்காத வேஸ்ட் துணி மூட்டையைத் தரையில் கவிழ்த்தாள். அன்று போர்டை ஒத்தி எடுத்த, எண்ணெய் படிந்த வெள்ளைத் துணித் துண்டு கிடைத்தது. அதில் எழுத்துகள் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. மாதவன் துணியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். மெல்லிய துணி, பின்பக்கம் நேராகவே தெரிந்தது.

"அறுவத்துமூணு வோல்ட், ரெண்டாயிரத்து எறநூறு மைக்ரோஃபாரட். கம்பெனி முத்திரை பாதி இருக்கு, ஜப்பான்காரன்தான்."

பையிலிருந்து அதே அளவில் புதிது ஒன்றை எடுத்துப் பழையதன் பக்கத்தில் நிறுத்தினான். உயரமும் பருமனும் ஒத்துப்போயின.

"எம் மருந்தாலயா தம்பி கெட்டுச்சு?"

"இல்லக்கா. வயசாயி உப்பிருக்கு. எழுத்து மட்டுந்தான் உன் கைங்கரியம்."

ஈயம் வைத்துப் பற்றவைத்து மாட்டியதும் மெஷின் சுற்றத் தொடங்கியது. கிட்டுசாமி பெருமூச்சு விட்டார்.

"அம்மிணி, அடுத்த பூசைக்கு நீ பொரிகடல தின்னாப் போதுங் கண்ணு. தொடைக்கிற சோலியே வேண்டாஞ் சாமி."

அந்தத் துணித் துண்டை அவரே மடித்துப் போர்டுப் பெட்டியின் கதவுக்குள் செருகினார். நாகஜோதிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையை எடுத்து, தேய்க்காமல், ஒத்தி எடுத்தாள்.