இடது கைக்காரியின் கிட்டார்

அவள் கிட்டாரை மடியில் வைத்துக் கனத்த கம்பியை மீட்டியதுமே அதைச் செய்த அவனுக்கு உறுத்தியது.

அவளுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. மேடையில் பாடிப் பிழைப்பவள், இடது கைக்காரி. இத்தனை காலமும் வலது கைக்காரர்களின் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்தே ஒப்பேற்றியவள். தன் கைக்கென்றே ஒன்று செய்யச் சொல்லிவிட்டு, தன் முறை வரும்வரை காத்திருந்தாள்.

"இதைக் கல்யாணமே பண்ணிக்கலாம் போல இருக்குங்க."

எதிர் மேசையில் மச்சான் ஒரு எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இவனுடைய இறந்துபோன மனைவியின் அண்ணன். பட்டறையில் பேஸெல்லாம் அவன் கை, உள்ளே கூடான அக்கூஸ்டிக் கிட்டாரெல்லாம் இவன் கை.

"யோசிச்சுப் பண்ணுங்கம்மா," என்றான் மச்சான். "மாப்ள செய்யறதுல உள்ள வெறும் காத்துதான். என்னோடது முழு மரம். கீழ விழுந்தா நம்ம கால்தான் உடையும்."

இவன் சிரிக்கவில்லை. கிட்டாரை வாங்கித் தானே மீட்டிப் பார்த்தான். கனத்த கம்பி தொண்டை கட்டியதுபோல் முனகியது. மெல்லிய கம்பி கணீரென்று வராமல் கொழகொழத்தது. கம்பிகளைத் தளர்த்தி, துளைக்குள் விரலை விட்டுத் தடவினான். காது சொன்னதையே விரலும் சொன்னது.

மேல்பலகையின் உள்பக்கம் மெல்லிய கட்டைகளைச் சாய்வாக ஒட்ட வேண்டும். கனத்த கம்பிகளின் பக்கம் பலகை தாராளமாக அசைய வேண்டும், மெல்லிய கம்பிகளின் பக்கம் விறைப்பாக நிற்க வேண்டும். இடது கைக்கு அது பக்கம் மாறும். பலகையைக் கவிழ்த்துப் போட்டு ஒட்டும்போது இன்னொரு முறை மாறும். அந்தக் குழப்பத்தில் வரைபடத்தை ஒரு தடவை கூடுதலாகத் திருப்பிவிட்டான். வெளியே இடது கை கிட்டார், உள்ளே வலது கை கிட்டார்.

"மச்சான், உள்கட்டை பக்கம் மாறிப்போச்சு."

மச்சான் உப்புத்தாளை வைத்துவிட்டு வந்து காதோடு சொன்னான். "வாயை மூடு மாப்ளே. அந்தம்மாவுக்குப் பிடிச்சிருக்கு. உள்ள யாரு எட்டிப் பார்க்கப் போறா?"

இவன் அவளிடம் திரும்பினான். "இதைத் தர முடியாதுங்க." காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னான்.

"விளையாடறீங்களா? அடுத்த மாசம் கச்சேரி இருக்கு. எனக்கு இதுவே போதும்."

"இதுவே போதும்னுதானே இதுவரைக்கும் எல்லாரும் உங்ககிட்ட சொல்லியிருக்காங்க?"

அவள் அவனை முறைத்தாள். பிறகு வெறும் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கச்சேரிக்குள்ள வரலைன்னா, உங்க பேரை மைக்ல சொல்லித் திட்டுவேன்."

"சத்தமா சொல்லுங்கம்மா," என்றான் மச்சான். "எங்களுக்கும் விளம்பரமாச்சு."

மறுநாள் காலை மெல்லிய கத்தியைச் சூடாக்கி, விளிம்பில் விட்டு, பசை இளக இளகப் பின்பலகையைப் பிரித்தான். பழைய கட்டைகளைச் சீவி எடுத்தான். புதியவற்றை ஒட்டும் முன் மேல்பலகையின் ஒரு பக்கம் 'கனத்தது' என்றும் மறுபக்கம் 'மெல்லியது' என்றும் பென்சிலால் எழுதினான்.

"காலேஜ் படிப்பு வீண்போகல," என்றான் மச்சான்.

கிட்டாரின் பெட்டியை மூடும் முன் உள்ளே கையெழுத்துப் போடுவது அந்தப் பட்டறையின் வழக்கம். செய்தவன் பெயர், அதன் கீழே மெருகு போடுபவர் பெயர். மெருகு போட்டுவந்தவள் மனைவி. அவள் போன பிறகு இவன் எதிலும் எழுதவில்லை. அறுத்ததும் ஒட்டியதும் கைகள்தான்; இவன் அங்கே இருக்கவில்லை. இந்தக் கிட்டாரையும் முதலில் அப்படித்தான் மூடியிருந்தான்.

கட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினான். விரல் முட்டியால் தட்டிக் கேட்டான், மறுபடி சீவினான். கடைசியில் ஒரு தட்டுக்குப் பலகை வாய்விட்டுப் பேசியது. எதிர் மேசையில் தேய்க்கும் சத்தம் நின்றது.

இவன் பென்சிலை எடுத்துத் தன் பெயரை எழுதினான். கீழே இருந்த இடத்தைப் பார்த்தபடி நின்றான்.

மச்சான் வந்து பென்சிலைப் பிடுங்கினான். "தள்ளு. இந்தத் தடவை மெருகு நான் போடறேன்." கோணலாக எழுதிவிட்டு மூக்கை உறிஞ்சினான். "மரத்தூள்," என்றான்.

கச்சேரிக்கு முந்தின வாரம் அவள் வந்தாள். கனத்த கம்பியை ஒருமுறை மீட்டினாள். ஒலி எழுந்து, அறையைச் சுற்றி, நிதானமாக அடங்கியது. அவள் அதன் பிறகே மூச்சு விட்டாள்.

"அன்னிக்கு வாசிச்சது இதுவா?"

"இதேதான்."

"பொய்."

"பேஸ்காரன் கை பட்டிருக்கும்மா," என்றான் மச்சான். "அதான் விஷயம்."

அவள் ஒரு பாட்டு முழுக்க வாசித்துவிட்டே நிறுத்தினாள். "மேடையில யாரு செஞ்சதுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

இவன் நிமிர்ந்தான். "நான் செஞ்சேன்னு சொல்லுங்க."

எதிர் மேசையில் பலமாக ஓர் இருமல் கேட்டது.

"நாங்க செஞ்சோம்," என்று திருத்தினான்.