வரி கட்ட வந்த மனிதர்

வரி கட்ட மாட்டேன் என்று சண்டைக்கு வருகிறவர்களை ஹேமாவதி பார்த்திருக்கிறாள். அடுத்த மாதம் கட்டுகிறேன் என்று ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களையும் பார்த்திருக்கிறாள். வரியைக் கட்டியே தீருவேன் என்று ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து அடம்பிடிப்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள். அதுவும் வரியே இல்லாத மனிதர்.

"அந்தச் சலுகை எனக்கு வாணாம் மேடம். எவ்ளோவோ அதை வாங்கிக்கினு ஒரு ரசீது குடுங்க" என்றார் உதயகுமார்.

உதயகுமாருக்கு நாற்பத்தொரு வயது. பட்டாளத்தில் இருந்தபோது எல்லையில் கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். மீஞ்சூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு பேங்கில் கடன் வாங்கி, பிறந்த ஊரான சங்கன்குப்பத்திலேயே ஒரு வீட்டை வாங்கிக் குடிவந்துவிட்டார்; காவல் வேலைக்கு இங்கிருந்தே போய்வருகிறார்.

ஹேமாவதி அந்த ஊருக்கு ஊராட்சிச் செயலராக வந்து ஒன்பது மாதம் ஆகிறது. காட்டூரில் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பெண். மாற்றலாகி ஏரிக்கரைக்கு வரும்வரை இறால் என்றால் குழம்பில் கிடப்பது என்ற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும். ஆனால் காகிதம் தெரியும். பணியில் ஊனமடைந்த படைவீரர் சொந்த வீட்டில் தானே குடியிருந்தால் வீட்டு வரியில் முழுச் சலுகை கேட்கலாம் என்று பழைய கோப்பு ஒன்றில் படித்தவள், அவர் கேட்காமலே மனு எழுதவைத்தாள். திருவள்ளூருக்கு இரண்டு நடை நடந்தாள். அசல் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். அது கடனுக்கு ஈடாக பேங்கில் இருக்கிறது என்று பேங்கிலிருந்தே கடிதம் வாங்கிக் கொடுத்தாள். ஒருவழியாக உத்தரவு வந்தது. அவள் உத்தியோகத்தில் முதன்முதலாக முழுசாக முடித்த நல்ல காரியம் அது. காட்டூரிலிருந்து அதிரசம் கொண்டுவந்து கொடுத்து, அதோடு உத்தரவையும் கொடுத்திருந்தாள்.

இப்போது அந்த மனிதர் சலுகையைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார்.

"ஏன் சார்?"

"காரணம் இன்னாத்துக்கு மேடம்? துட்டு குடுக்கறேன். வாங்கிக்கங்க."

காரணம் எதற்கு என்று ஹேமாவதியிடம் கேட்கக்கூடாது. எதற்கு, ஏன் என்று கேட்காமல் அவளால் ஒரு பொழுது இருக்க முடியாது. மூன்று வரன் தட்டிப்போனதற்கே இந்த வாய்தான் காரணம் என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனாலும் அவள் முதலில் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். கதவு எண் 4/87, உதயகுமார், செலுத்தவேண்டிய தொகை பூஜ்யம்.

"பூஜ்யத்துக்கு இது ரசீது தராது சார். நீங்களே குடுத்தாலும் வாங்கிக்காது. சலுகைய ரத்து பண்ணணும்னா மறுபடி திருவள்ளூர் போகணும், ரெண்டு மாசம் ஆகும். வருஷத்துக்கு எழுநூத்தி நாப்பது ரூபாய்க்கு எதுக்கு இவ்வளவு பாடு?"

"ஞாயித்துக்கெழமைக்குள்ள கெடைக்காதா?"

"ஞாயிற்றுக்கிழமை என்ன?"

அவர் மேசையைப் பிடித்து எழுந்து, நேராக நின்று, பட்டாளத்துப் பழக்கத்தில் தலையை ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று முழுவதும் ஹேமாவதிக்கு வேலை ஓடவில்லை. வியாழக்கிழமையில் வந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் வரி கட்டத் துடிக்கிற மனிதரை நினைத்து நினைத்து மண்டை குடைந்தது.

மறுநாள் தெருவிளக்கு பார்க்கும் சாக்கில் 4/87-க்குப் போனாள். உதயகுமார் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஜமுனா குழாயடியில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்க மேல கோவம் இல்ல மேடம். நல்லதுனு நெனச்சுதான் செஞ்சீங்க. ஆனா அந்தச் சலுகைதான் எங்களை ஊரை வுட்டுத் தள்ளி வச்சிடுச்சு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதையை ஜமுனா நண்டைக் கழுவியபடியே சொன்னாள். ஏரியில் வலை கட்டுவதற்கு எந்த இடம் யாருக்கு என்று சங்கன்குப்பத்தில் வருடத்துக்கு ஒருமுறை சீட்டு எடுப்பார்கள். அந்த முறைக்கும் கிடைக்கிற இடத்துக்கும் பாடு என்று பேர். ஊரில் தலைக்கட்டு என்று எண்ணப்படுகிற குடும்பத்துக்குத்தான் அதில் சீட்டு. பட்டாளத்துக்குப் போனதும் உதயகுமாரின் பேர் பட்டியலில் ஏறாமலே போனது. அவர் அப்பாவோடு அந்தக் குடும்பத்தின் சீட்டு முடிந்தது. இந்த வருடம்தான் மறுபடி கேட்டிருக்கிறார். சீட்டு எடுப்பது வரும் ஞாயிற்றுக்கிழமை.

"அதுக்கும் வரி ரசீதுக்கும் என்ன சம்பந்தம்?"

"மூணு வருசத்துக்கு மின்ன ஊர்ப் பெரியவரு பெரியசாமி மாமாவோட சொந்த மருமவனே மீஞ்சூர்ல குந்திகினு, இங்க வந்து சீட்டு எடுத்து, பாட்டை வேற ஆளுக்கு வித்துட்டுப் பூட்டான். அதுலேர்ந்து அந்த வருசத்து வீட்டு வரி ரசீது காட்டுனாதான் சீட்டு. யாரா இருந்தாலும்."

"உத்தரவைக் காட்டலாமே? சொந்த வீட்ல குடியிருக்காருனு நானே எழுதிக் குடுத்திருக்கேனே."

"காட்டுனாரு. அது ஒரு தபா குடுத்த காயிதம், வருசா வருசம் புதுசா வருமானு கேட்டாங்க. வீட்டுப் பத்திரத்தைக் காட்டலாம்னா அது பொன்னேரி பேங்க்ல கீது. எங்க கையில ஜெராக்ஸ்தான்." ஜமுனா ஒரு நண்டின் கொடுக்கை ஒடித்தாள். "ஊர்ல வரி கேக்காத வூடு ரெண்டே வகை மேடம். புருசன் இல்லாத வூடு, ஆள் இல்லாத வூடு. ரெண்டுக்கும் சீட்டு கெடையாது. இப்ப எங்க வூட்டையும் அதுல சேத்துட்டாங்க. ஒத்தக் காலோட இவரு எங்க வலை கட்டப் போறாருனு சிரிக்கறானுங்க. படவுல குந்திகினு வலை இழுக்கறதுக்கு ரெண்டு கை போதாதா? இவரு சித்தப்பா மவன் கூட வரேன்னு சொல்லிட்டான். ராத்திரில்லாம் தூங்கறதில்ல மனுசன். பொறந்த ஊர்ல ஆளா எண்ணலன்னா அப்புறம் எதுக்கு வூடுங்கறாரு. இன்னும் பதினெட்டு வருசம் மாசம் பொறந்தா பதினோராயிரம் பேங்குக்குக் கட்டணும். இந்த வூட்டை நம்பி மாட்டிகினோம், எங்க ஓடறது?"

அங்கிருந்து ஹேமாவதி நேராக மீன் ஏலக்கூடத்துக்குப் போனாள். பெரியசாமி சிமென்ட் மேடையில் உட்கார்ந்து யாரிடமோ ஐஸ் வரவில்லை என்று போனில் கத்திக்கொண்டிருந்தார். அறுபது தாண்டிய, குரல் பெருத்த ஆள். அவள் வந்த காரியத்தைச் சொன்னதும் போனை மடியில் வைத்தார்.

"வீட்டுப் பத்திரம் பேங்க்ல. வரி கவர்மெண்டு தள்ளுபடி. அப்போ இந்த ஊர்ல அவனோடதுனு இன்னாம்மா கீது?"

ஹேமாவதி வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"தப்பா நெனைக்காத. உதயன் எங்க கண்ணு மின்ன வளந்த புள்ள. அவன் கால் போச்சுனு தந்தி வந்தப்போ அவங்க நைனா கூட நான்தான் ஆஸ்பத்திரிக்கு ரயிலேறுனேன். ஆனா என் மருமவன் பேரை நானே அடிச்சேன். இவனுக்கு ரசீது இல்லாம எழுதிட்டேன்னா என் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பட்டதால் இன்னும் எரிச்சலாக வந்தது. கடைசியாக அவளுடைய பழைய வியாதியே கைகொடுத்தது.

"ஒண்ணு கேக்கறேன் ஐயா. ரசீதுல நீங்க எதைப் பாக்கறீங்க? தொகையையா?"

"எழுநூறு ரூபாயை வச்சிகினு நான் இன்னா பண்றது? தங்கறவனா ஓடறவனானு பாக்கறேன். பாட்டை வாங்கிகினு ஊரை வுட்டுப் போறவனுக்கு ஏரி எதுக்கு?"

திரும்பி நடக்கும்போது பாதி வழியில் ஹேமாவதி நின்றுவிட்டாள். எங்க ஓடறது என்று ஜமுனா சலித்துக்கொண்டது காதில் கேட்டது. தங்குகிறவனா என்பதற்கு எழுநூறு ரூபாய் ரசீது ஒரு வருடத்துக்குத்தான் சாட்சி. அந்த வீட்டில் பதினெட்டு வருடத்துக்குச் சாட்சி ஒன்று இருக்கிறது. அதை யாருமே ஒரு காகிதமாக நினைக்கவில்லை.

சாயங்காலம் உதயகுமார் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னாள். பேங்க் கொடுத்த தவணைப் பட்டியலை ஞாயிற்றுக்கிழமை ஏலக்கூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போனது.

"கடன் காயிதத்தை ஊர் நடுவுல விரிக்கறதா? எங்க நைனா வலைக்கு வாங்குன கடனைக்கூட எங்கம்மாகிட்ட சொன்னதில்ல மேடம். ஏற்கெனவே கால் இல்லாதவன்னு பாக்கறாங்க. கடன்காரன்னும் பாக்கணுமா?"

"வரி கட்டறதைப் பெருமையா காட்டலாம், தவணை கட்டறதைக் காட்டக்கூடாதா?"

"அது வேற, இது வேற" என்றார் அவர். எப்படி வேறு என்று கேட்க வாய் வரை வந்தது. வாழ்க்கையில் ஒருமுறை ஹேமாவதி கேட்காமல் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது. இருந்தாலும் காலை எட்டு மணிக்குக் காட்டூரிலிருந்து ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஏலக்கூடத்தில் ஆண்கள் கூடியிருந்தார்கள். பெண்கள் ஐஸ் பெட்டிகளுக்கு அந்தப்பக்கம் நின்றார்கள். அவளும் ஜமுனா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். எவர்சில்வர் குடம் ஒன்று நடுவில் இருந்தது. ஒவ்வொருவராக ரசீதைக் காட்டினார்கள், பெரியசாமி பார்த்துப் பேரை எழுதினார். நாற்பத்திரண்டு பேர் முடிந்தது.

"அவ்ளோதானா?" என்றார் பெரியசாமி. அவர் உதயகுமாரைப் பார்க்காமல் கேட்டது எல்லோருக்கும் தெரிந்தது.

உதயகுமார் எழுந்து மெதுவாக நடந்து போனார். ஈர சிமென்ட்டில் செயற்கைக் கால் வழுக்கும் என்று ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதக் கத்தையை எடுத்தார். ஜமுனா ஹேமாவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்ட வரி ரசீது இல்ல மாமா. இது பேங்க் தவணை. ஒவ்வொரு மாசம் அஞ்சாந் தேதியும் கட்டணும். நான் வீட்ல குடியில்லன்னா சலுகையும் போயிடும், கட்டலன்னா வீடும் போயிடும். கடைசித் தவணை ரெண்டாயிரத்து நாப்பத்தி மூணுல." கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஒரு வருசம் ஊர்ல இருந்ததுக்கு நீங்க ரசீது காட்டிட்டீங்க. பதினெட்டு வருசம் இங்கதான் இருப்பேன்னு உங்கள்ல யாராவது கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கீங்களா? நான் போட்டிருக்கேன்."

முன்வரிசையில் இருந்த இரண்டு இளைஞர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் இருவரும் அடுத்த மாதம் மீஞ்சூர் பக்கம் வேலைக்குப் போகப்போவது ஊருக்கே தெரியும்.

பெரியசாமி காகிதத்தை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். பக்கம் புரண்டது, மறுபடி புரண்டது. கடைசி வரியில் விரல் நின்றது.

"இந்தத் தேதிக்கு நான் இருக்க மாட்டேன்டா உதயா."

"நான் இருப்பேன் மாமா."

பெரியசாமி பேனாவைத் தேடினார். அது காதிலேயே இருந்தது. நாற்பத்துமூன்றாவது பேரை எழுதிவிட்டுத் தன் மகள் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள்.

ஹேமாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ள நேரமில்லை, குடத்தைக் குலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்கு எந்த இடம் வரும் என்று பார்ப்பதில் அவளுக்கும் ஊராரின் பரபரப்பு தொற்றிக்கொண்டது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம் நல்ல இடம் என்று ஜமுனா காதில் சொன்னாள். வடக்கே பாசி மண்டிய சேற்றுப் பள்ளம் ஒன்று இருக்கிறது, அது மட்டும் யாருக்கும் வரக்கூடாது என்றும் சொன்னாள்.

உதயகுமார் கடைசியாகக் கைவிட்டு எடுத்தார். சீட்டைப் பிரித்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"அடச்சீ! இத்தினி வருசம் கழிச்சு எடுத்த சீட்டு சேத்துப் பள்ளமா? இன்னா மாமா குடம் குலுக்கறீங்க, ஒழுங்கா குலுக்கத் தெரியாதா? எவன்டா எழுதுனது இந்தச் சீட்டை?"

கூடம் முழுக்கச் சிரித்தது. முகத்துவாரம் கிடைத்தவன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். உதயகுமார் குடத்தையும் குலுக்கினவரையும் சேற்றையும் பாசியையும் விடாமல் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார். மரியாதையாக ஒதுங்கி நிற்பவராகவே ஹேமாவதி பார்த்திருந்த அந்த மனிதர் இவ்வளவு சத்தமாகப் பேசுவார் என்று அவளுக்குத் தெரியாது. ஜமுனா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாளா அழுகிறாளா என்றும் தெரியவில்லை.

பெரியசாமி பட்டியலை மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.

"பாத்தியாம்மா" என்றார் ஹேமாவதியிடம். "எங்களை மாதிரியே சீட்டைத் திட்ட ஆரம்பிச்சிட்டான். இனிமே இவன்கிட்ட எந்தக் காயிதமும் கேக்கத் தேவையில்ல."