பத்தரை மணிக்கு முடிந்த வேலை

"இன்னும் வேலையே ஆரம்பிக்கல. அதுக்குள்ள முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடறீங்களே, இது என்ன நியாயம்?" என்று ஒருநாள் அவள் கேட்டாள். அவளுடைய தையல் கடை இருந்த கட்டடத்து லிஃப்டைப் பழுதுபார்க்க, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் வந்திருந்தார்.

"அப்புறம் போட்டா சர்வீஸ் கார்டெல்லாம் கிரீஸ் ஆயிடும். கறை பட்ட கார்டைப் பார்த்தா மேனேஜர் குதிப்பார். கை சுத்தமா இருக்கும்போதே போட்டுட்டா வம்பில்ல பாரு."

"சட்டை தைக்கறதுக்கு முன்னாடியே நான் கூலி வாங்கினா ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"கெட்டிக்காரின்னு சொல்லுவாங்க."

அந்தக் கெட்டிக்காரர் போய் மூன்று மாதமாகிறது. ஏழாவது மாடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிட்டார். விழுந்தது பத்து ஐம்பதுக்கு. கறை படாத கார்டின்படி வேலை பத்தரைக்கே முடிந்திருந்தது.

"பத்தரைக்கு மேல அவர் அங்க என்ன பண்ணிட்டிருந்தார்னு கம்பெனிக்குத் தெரியாதும்மா," என்றார் நஷ்டஈட்டு அதிகாரி, மிகுந்த துக்கத்தோடு. "வேலையில இருக்கும்போது நடந்தாத்தான் விபத்து."

"குழிக்குள்ள காத்து வாங்கிட்டிருந்திருப்பார் சார்."

அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார். அந்த வரியை நீக்க வைப்பதற்குத் தனியாக ஒரு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது.

போனால் போகிறதென்று அவர் ஒரு வழியும் சொன்னார். கையெழுத்தை முன்கூட்டியே போடும் வழக்கம் உண்டென்று கூட வேலை செய்யும் ஒருவர் எழுதிக் கொடுத்தால் பரிசீலிப்பார்களாம்.

"எழுதிக் கொடுத்தா அவருக்கு ஒண்ணும் ஆகாதே சார்?"

"வழக்கம்னு எழுதினா அவரும் போட்டிருக்கார்னுதானே அர்த்தம். பொய்க் கையெழுத்துப் போட்டவரை வேலையில வச்சிருக்க முடியுமாம்மா? தூக்கிடுவோம்."

இருபத்திரண்டு மெக்கானிக்குகளும் சாவுக்கு வந்திருந்தார்கள். தங்கமான மனுஷன் என்று சொல்லாதவர் இல்லை. கையெழுத்து வழக்கத்தை எழுதித் தரத்தான் யாரிடமும் பேனா இல்லை.

நெட்டையிடம் மட்டும் அவள் கேட்கவில்லை. நெட்டை அவள் கணவரோடு பன்னிரண்டு வருடம் ஜோடி போட்டு வேலை பார்த்தவர். இப்போதும் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தார். ஒழுகும் குழாயை மாற்றினார், மின்விசிறியைச் சரிசெய்தார், தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டார். பழுது எல்லாம் தீர்ந்துபோன வாரத்தில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போனார். வீட்டில் அந்த ஒரு பேச்சைத் தவிர எல்லாவற்றையும் இருவரும் பேசினார்கள். அவருக்கு வீட்டுக்கடன், படிக்கிற இரண்டு பெண்கள். அவளுக்கும் ஒரு பெண் இருந்தாள். ஃபீஸ் கட்டச் சொல்லிப் பள்ளியிலிருந்து இரண்டாவது நோட்டீசும் வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் கேள்வி நாக்கு நுனிவரை வரும். அவள், "இன்னும் கொஞ்சம் டீ ஊத்தட்டுமாண்ணா?" என்று கேட்டு வைப்பாள்.

அந்தக் கடிதத்தைக் கொடுக்க இன்று மாலை நான்கு மணியோடு கெடு முடிகிறது. நாத்தனார், "கடவுள் பாத்துப்பார், நீ தைரியமா போ," என்று சொல்லிவிட்டுக் கூட வராமல் இருந்துவிட்டாள்.

கம்பெனியின் அலுவலகம் ஐந்தாவது மாடியில். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டுகிறவர்களின் சொந்த லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. கதவு பாதி திறந்திருக்க, கீழே குழிக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. கதவுக்குப் பக்கத்தில் சர்வீஸ் கார்டு பளிச்சென்று தொங்கியது. 'வேலை முடிந்தது, மூன்று மணி.' கீழே நெட்டையின் கையெழுத்து.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு நாற்பது.

சத்தம் நின்றது. நெட்டை ஏணியில் ஏறி வந்தார். முழங்கை வரை கிரீஸ். அவளைப் பார்த்தார். அவள் எதைப் பார்க்கிறாள் என்பதையும் பார்த்தார்.

"வாம்மா தங்கச்சி. ஆபீசுக்கா?"

"ஆமாண்ணா. இன்னிக்குத்தான் கடைசி நாள்."

"ஓ." பழந்துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அத்தனை கவனமாக அவர் எதையும் துடைத்து அவள் பார்த்ததில்லை. "படியேறித்தான் போகணும் போலிருக்கே. மெஷின் எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுதுண்ணா."

"அந்தக் கடிகாரம்?"

"நீங்க கழட்டின நாள்லேருந்து பத்து நிமிஷம் பின்னாடி போகுது."

நெட்டைக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. "ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்," என்று சொல்லி ஏணிப் பக்கம் திரும்பினார்.

அவர் இறங்கிவிட்டால் அடுத்த பேச்சு ஞாயிற்றுக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை டீதான் ஊற்ற முடியும்.

"அண்ணா, இறங்காதீங்க."

அவர் ஒரு காலை ஏணியில் வைத்தபடி நின்றார்.

"கேட்டா உங்க வேலை போயிடும். அது தெரிஞ்சுதான் மூணு மாசமா வாயைத் திறக்கல," என்றாள். "அவர் வேலை செஞ்சிட்டிருக்கும்போதுதான் விழுந்தார்னு, உங்க பேரைப் போட்டு எனக்கு எழுதிக் குடுங்கண்ணா."