அத்தான் சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

அக்கா போனில் மூன்று விஷயம்தான் சொன்னாள். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. மூன்று மணிக்குள் வரைபடங்களை அனுப்பியாக வேண்டும். அத்தான் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் இரண்டுக்கும் நான் பதறவில்லை. மூன்றாவதைக் கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். என் கடைக்கு வரும் பெட்டிகளில் பாதி தானாகக் கெட்டவை. மீதியை யாரோ சரிசெய்திருக்கிறார்கள். அக்காவின் தெருவில் அத்தானுக்கு ‘சர்வீஸ் சென்டர்’ என்று பெயர். தெருக்காரர்கள் அதைக் கேலியாகத்தான் சொல்கிறார்கள். அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டு பெருந்தன்மையோடு தலையாட்டுகிறார்.

நான் போனபோது மணி ஒன்றே முக்கால். மேஜைமேல் பெட்டி வயிற்றைத் திறந்து கிடந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு கேபிள் வழியாகத் தன் லேப்டாப்பில் செருகியிருந்தார் அத்தான். பக்கத்தில் பென் டிரைவ். விரல் மவுஸ்மேல்.

“வா கொழுந்தியா, சரியான நேரத்துக்கு வந்த. டிஸ்க் செத்துப்போச்சு. ஃபார்மேட் பண்ணிட்டு எல்லாம் புதுசா போடப்போறேன். கத்துக்கோ.”

“கையை எடுங்க அத்தான்.”

“ஏன்?”

“எடுங்கன்னேன்.”

அக்கா ஒரு கட்டிட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் வேலைக்குப் போகாதவள், எட்டு மாதமாக மதிய நேரங்களில் உட்கார்ந்து பத்து வீடுகளுக்கு வரைபடம் போட்டிருந்தாள். விண்ணப்பத்தோடு அந்தப் பத்தும் போக வேண்டும். கடைசி நாள் இன்று.

“வேற காப்பி வச்சிருக்கியாக்கா?”

“அந்தப் பென் டிரைவ்ல வச்சிருந்தேன்.”

“அதைத்தான் காலி பண்ணி விண்டோஸ் ஏத்திட்டேன்” என்றார் அத்தான். “அதுல ஏதோ கோடு கோடா இருந்துச்சு.”

அக்கா அவரைப் பார்த்தாள்.

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். அக்காவின் டிஸ்க்கில் பத்து வரைபடங்களும் வரிசையாக இருந்தன. முதல் காரியமாக அவற்றை என் பென் டிரைவில் நகலெடுத்தேன்.

“செத்த டிஸ்க் எப்படி அத்தான் பேசுது?”

“கடைசி மூச்சா இருக்கும்.”

வரைபடம் பிழைத்துவிட்டது. ஆனால் வேலை முடியவில்லை. அதைத் திறக்கும் மென்பொருள் அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. அதில் திறந்து, பத்தையும் பிடிஎஃப் ஆக்கினால்தான் அலுவலகம் வாங்கிக்கொள்ளும். ஆக, பெட்டி எழுந்தே தீர வேண்டும்.

ஒரு கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தியதும் நேராக வேலைக்குப் போய்விடாது. முதலில் தன்னையே தொட்டுப் பார்த்துக்கொள்ளும். கரண்ட் சரியாக வருகிறதா, மூளை விழித்ததா, நினைவகம் இருக்கிறதா, திரை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஹார்ட் டிஸ்க்கைத் தேடும். டிஸ்க் உண்மையிலேயே செத்திருந்தால், ‘டிஸ்க்கைக் காணவில்லை’ என்று திரையில் எழுதிக் காட்டும். இங்கே பட்டனை அழுத்தினால் பெட்டிக்குள் மின்விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. அப்படியென்றால் டிஸ்க்குக்கு வெகு முன்னாலேயே தடுக்கி விழுந்திருக்கிறது. எங்கே விழுந்தது என்பதையும் அது சொல்லும். அதற்காகவே உள்ளே இருக்கும் மதர்போர்டில் பொத்தான் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் உண்டு. திரை வராதபோது அதற்கு இருக்கும் ஒரே வாய் அதுதான்.

அந்த இடத்தில் நான்கு ஊசிகள் மட்டும் மொட்டையாக நின்றன.

“இங்க இருந்த ஸ்பீக்கர் எங்க?”

“அதுவா? தினம் காலைல ‘பீப்’னு ஒரு சத்தம். எரிச்சலா இருந்துச்சு. போன வருஷமே பிடுங்கிட்டேன்.”

“உடம்பு நல்லா இருக்குன்னு தினம் சொன்னதுக்கு வாயைத் தைச்சிட்டீங்க.”

“சும்மா பேசாத. இதுவரைக்கும் ஏதாவது கெட்டுச்சா?”

என் பையில் எப்போதும் அப்படி ஒரு ஸ்பீக்கர் இருக்கும். மாட்டிப் பட்டனை அழுத்தினேன். நீளமாக ஒரு பீப், சின்ன இடைவெளி, மறுபடியும் நீளமாக ஒன்று. இந்தப் போர்டின் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்: நினைவகத்தைக் காணோம்.

கரண்டைப் பிடுங்கிவிட்டு, நினைவகமான ரேம் பட்டையைக் கழற்றினேன். அடியில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களின்மேல் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். புதினா வாசனை.

“அத்தான்…”

“நேத்து மாசாந்திரச் சுத்தம். அது கறுத்துக் கிடந்துச்சு. வெள்ளிச் சாமானுக்கெல்லாம் பேஸ்ட்தான் போடுவேன். பிரஷ்ல நல்லாத் தேய்ச்சேன். எப்படி மின்னுது பாரு!”

“மின்னுது. ஆனா வேலை செய்யல.”

“பல்லுக்குப் போடறதுதானே? அது என்ன கெடுதலா?”

“அப்போ காலைல எழுந்ததும் இதுக்கு வாயும் கொப்பளிச்சு விட்டிருக்கணும்.”

அக்கா முதல் முறையாகச் சிரித்தாள். உடனே கடிகாரத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இரண்டு இருபது.

அந்தப் பற்கள் வழியாகத்தான் ரேமும் போர்டும் பேசிக்கொள்கின்றன. இடையில் மயிரிழைத் தடிப்புக்கு அழுக்கு இருந்தாலும் பேச்சு நின்றுவிடும். பட்டை செருகியிருந்த குழிக்குள்ளும் பேஸ்ட் போய் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்ய நேரமில்லை. நல்லவேளை, பக்கத்துக் குழியை யாரும் தொட்டதில்லை. அத்தானுக்கு அது இருப்பதே தெரியாது. பட்டையின் பற்களை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தேன், ரப்பரால் மெதுவாகத் தேய்த்தேன், மறுபடி துடைத்துக் காயவிட்டேன். பக்கத்துக் குழியில் வைத்து, இரு முனையிலும் ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்தினேன். டிஸ்க்கை அதன் இடத்தில் மாட்டிப் பட்டனைத் தட்டினேன்.

குட்டையாக ஒரே ஒரு பீப். திரை வெளுத்தது.

“பார்த்தியா, சின்னப் பிரச்சினைதான்” என்றார் அத்தான். “நானே கண்டுபிடிச்சிருப்பேன். நீ அவசரப்பட்டுட்ட.”

அக்கா அவரைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வரைபடமாகத் திறந்து, அளவுகளை ஒரு முறை சரிபார்த்து, பிடிஎஃப் ஆக்கினாள். ஏழாவது வீட்டில் ஒரு கதவு சுவரில் இடிக்கிற மாதிரி திறந்தது. இரண்டு ஐம்பதுக்கு உட்கார்ந்து அதைத் திருத்தினாள். எனக்குத்தான் வியர்த்தது. இரண்டு ஐம்பத்தேழுக்கு அனுப்பினாள். இரண்டு ஐம்பத்தெட்டுக்கு ‘விண்ணப்பம் கிடைத்தது’ என்று பதில் வந்தது. அதை இரண்டு முறை படித்தாள்.

அத்தானுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது.

“இரு, நிஜமாவே வேலைக்குப் போகப்போறியா? அப்போ மத்தியானம் எனக்கு யாரு சமைப்பாங்க?”

“நீங்கதான் எல்லாத்தையும் சரிபண்றவராச்சே” என்றாள் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அடுப்பையும் சரிபண்ணிக்கோங்க. பேஸ்ட் மட்டும் போடாதீங்க.”