குடைக் காலண்டரில் சோழி

சோழியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு ஜடை தோளுக்கு மேலே, இன்னொன்று தோளுக்குக் கீழே. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கடலுக்கு அடியில் நடந்து போவாளே, அந்தப் பெண். என் அப்பா தேவசகாயம் எழுதிப் படமும் வரைந்த பதினோரு சிறுவர் புத்தகங்களிலும் அவள்தான் வருகிறாள். அந்தச் சோழி நான்தான் என்று நாற்பது வருடமாக எல்லோரும் சொல்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் அன்பரசியை யாருக்குத் தெரியும்? 'சோழி மேடம்' என்றால் வாட்ச்மேன்கூட எழுந்து நிற்பார். எரிச்சலாக இருக்கிறது என்று வெளியே சொல்லிக்கொள்வேன். பொய். அதை விட்டால் எனக்கு வேறு பெருமை கிடையாது.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. புத்தகங்களுக்கு முன்னால் அவர் விளம்பரப் படம் வரைந்தவர். குடை, பிஸ்கட், பல்பொடி, மண்ணெண்ணெய் ஸ்டவ். "அதெல்லாம் வயித்துக்கு வரைஞ்சது" என்று சொல்லி ஒன்றைக்கூட எனக்குக் காட்டியதில்லை. ஊரப்பாக்கம் வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்த ஒரு மாடியில் சிறுவர் படங்களுக்கென்று காப்பகம் நடத்தும் கிருபாகரன் அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். வரும் சனிக்கிழமை கண்காட்சி. திறந்து வைப்பவர் 'நிஜச் சோழி' என்று அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. அதில் என் ஒன்றாம் வகுப்புப் புகைப்படம். ஜடைகள் அதிலும் ஒன்று மேலே, ஒன்று கீழே.

அதற்குள் படங்களை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன்.

தாள்கள் பறக்கும் என்று கிருபாகரன் மின்விசிறியை நிறுத்தியிருந்தான். கீழே சிற்பக்கூடத்தில் மெஷின் கல் அறுக்கும் சத்தம் ஏறி இறங்கி, கேட்கக் கேட்கத் தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. கடலில் பட்ட வெயில் மேற்கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. என் அம்மா பிரிசில்லாவுக்கு எழுபத்தாறு வயது. ஜன்னலோர நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்தபடி கண் சொருகியிருந்தாள். அந்தப் பைக்குள் ஜெபப் புத்தகமும் சீப்பும் இல்லாமல் அவள் வாசல் தாண்டியதே இல்லை.

"அக்கா, இத்தப் பாருங்களேன். நம்ம சோழி இங்கியே கீறா!"

கிருபாகரன் ஒரு காலண்டர் அட்டையை மேஜைமேல் வைத்தான். ஏதோ குடைக் கடை காலண்டர். மழை பெய்கிறது, குடை விரிந்திருக்கிறது, அதற்குக் கீழே சோழி. அதே ஜடை, அதே செருப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. காலண்டருக்கு விற்றுவிட்டாரா என்னை!

"எழுபத்தஞ்சுன்னு போட்டுகீது" என்று படித்தவன் சட்டென்று நிமிர்ந்தான். "நீங்க எந்த வருசம்க்கா?"

"எழுபத்தொன்பது. ஜூலை."

மற்ற படங்களை வருட வரிசையில் ஒவ்வொன்றாகப் பரப்பினான். எழுபத்திரண்டு, எழுபத்துமூன்று, எழுபத்துநான்கு. எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். பிஸ்கட் டப்பாவின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஸ்டவ்வுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பல்பொடியை மீசையாகப் பூசியிருந்தாள். அந்த வெக்கையில், நெளிகிற வெளிச்சத்தில், அவள் ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்கு நடந்து போவதுபோலவே எனக்குத் தோன்றியது. குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் பிஸ்கட் டப்பாவரை ஈரமாக்கியிருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். தாள் காய்ந்துதான் இருந்தது. எங்கே போகிறாள் இவள் என்று நானும் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஒவ்வொரு படத்தின் மேல் விளிம்பிலும், தூக்கிப் பார்க்கிற மாதிரி, மெல்லிய டிரேசிங் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. கம்பெனிக்காரர்கள் அதில் நீலப் பென்சிலால் திருத்தம் எழுதி அனுப்புவார்களாம். 'குழந்தை பிஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.' 'ஜடை ஒரே அளவாக வேண்டும்.' 'செருப்பைச் சரி செய்க.' அப்பா எதையும் சரிசெய்யவில்லை. அடுத்த படத்திலும் அவள் பொருளைப் பார்க்காமல், தாளுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. காகிதத்தில் இருக்கிற ஆறு வயதுப் பெண்மேல், நாற்பத்தாறு வயதில், வெட்கமில்லாமல் பொறாமைப்பட்டேன்.

"யாரும்மா இவ?" என்று கத்தினேன். "எந்த வீட்டுப் பொண்ணு?"

அம்மா கண்ணைத் திறந்தாள். "இன்னாத்துக்கு இப்டி கத்திகினு கீற?" என்றபடி எழுந்து வந்து, மேஜையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். "அட, எல்லாத்தையும் வெச்சிகினுதான் இருந்தாரா!"

"யாருன்னு கேட்டேன்."

"யாரு வூட்டுப் பொண்ணும் இல்லடி. கல்யாணம் ஆயி எட்டு வருசம் எங்களுக்குக் கொழந்த இல்ல. சர்ச்சுல, பஸ்ஸுல, போற எடத்துல எல்லாம் கேப்பாங்க. நான் அழுவேன். அவரு அழ மாட்டாரு. எந்தக் கம்பெனிப் படம் வந்தாலும் இந்தப் புள்ளய ஒரு ஓரத்துல ஒக்கார வெச்சிருவாரு."

"அப்போ என் ஜடை? அப்பா என்னைப் பார்த்துத்தானே வரைஞ்சாரு?"

"நான்தான் படத்தப் பாத்துப் பின்னி வுட்டேன். ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. ஒரே அளவா பின்னுன்னு நீ அழுவ. நான் காதுலயே வாங்க மாட்டேன். வந்துட்டா, அவளேதான்னு அவருக்குத் தெரியணுமில்ல?"

ஆக, என்னைப் பார்த்து அவள் இல்லை. அவளைப் பார்த்துத்தான் நான். நான் வெறும் நகல். கிருபாகரனிடம் திரும்பினேன். "அழைப்பிதழைக் கிழிச்சுப் போட்டுரு. நான் வரல."

"கொஞ்சம் இருங்கக்கா" என்றான் அவன். "பொட்டில கடேசியா இது ஒண்ணு கீது."

குளியல் சோப்பு விளம்பரம். ஓரத்தில் அப்பா கையெழுத்தும் தேதியும்: ஆகஸ்ட் 1979. ஒரு முக்காலி, ஒரு துண்டு, ஒரு சோப்பு. முக்காலிக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பெண் நிற்கிற அளவுக்கு வெற்றிடம். அவள் இல்லை. மேஜை முழுக்கத் தேடினாலும் அதற்கப்புறம் எந்த விளம்பரத்திலும் அவள் இல்லை. அதற்கப்புறம் விளம்பரமே இல்லை.

டிரேசிங் தாளை இறக்கிவிட்டேன். நீலப் பென்சிலில் கம்பெனிக்காரர் கேட்டிருந்தார்: 'குழந்தை எங்கே?'

அதற்குக் கீழே, கறுப்பு மையில், அப்பாவின் சாய்ந்த எழுத்து.

'வீட்டுக்கு வந்துவிட்டாள்.'

நான் அழுதேன். மறைக்கவெல்லாம் இல்லை, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். கிருபாகரன் ஜன்னல் பக்கம் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கல் அறுக்கும் மெஷின் எப்போது நின்றதென்றே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "கண்காட்சில இதுக்குக் கீழ இன்னா எழுதட்டும்க்கா?" என்று கேட்டான்.

"எழுதித்தான் இருக்கே" என்றேன்.

கொண்டையில் குத்தியிருந்த கிளிப்பை எடுத்தேன். பாதி நரைத்த முடி தோளில் விழுந்தது. அம்மா மறுபடி ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து முதுகைக் காட்டினேன்.

"அம்மா, சீப்ப எடு."