மெட்டானமிக்கு நான் போட்ட டிக்

பியூலா கழுத்திலிருந்து காலேஜ் ஐ.டி. கார்டைக் கழற்றாமலே எங்கள் வீட்டுக்கு வருவாள். இரும்புலியூர் முழுக்கப் பார்க்கட்டும் என்றுதான். 2006-ல் அவள் பி.ஏ. இங்கிலீஷ் முதல் வருஷம். நான் ஒன்பதாவதோடு நின்று, அம்மா தைக்கும் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது வரை இருவரும் ஒரே பெஞ்ச். தமிழில் நான்தான் முதல் மார்க்.

"பஷீரா, நாளைக்கு டெஸ்ட். நோட்டைப் பிடிடி. நான் ஒப்பிக்கிறேன், சரியா இருந்தா டிக் போடு. உனக்குப் புரியணும்னு இல்ல."

புரியணும்னு இல்லையாம். முந்தின வாரம் அவள் மறந்து வைத்துப்போன அதே நோட்டை, ஒரு வரி விடாமல் நான் பார்த்தெழுதி ஒளித்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது.

சிமிலி, மெட்டஃபர், ஐரனி என்று இங்கிலீஷ் அணிகளையெல்லாம் சரியாகச் சொன்னாள்.

"மெட்டானமின்னா, ஒரு பகுதியைச் சொல்லி முழுசைக் குறிக்கிறது. கரெக்டா?"

அது சினெக்டகி. நாங்கள் படித்த சினையாகுபெயர்தான். 'தலைக்கு ரெண்டு பரோட்டா' என்றால் தலை ஆளைக் குறிக்கும். மெட்டானமி வேறு. 'தாம்பரமே சிரிக்கும்' என்றால் ஊர்ப்பெயர் அங்கிருக்கும் ஜனங்களைக் குறிக்கும். ரெண்டையும் மாற்றிச் சொல்கிறாள்.

ஐ.டி. கார்டில் அவள் போட்டோ என்னைப் பார்த்தது.

"கரெக்ட்" என்று டிக் போட்டேன்.

நாலு நாள் கழித்து அழுத முகத்தோடு வந்தாள். "ரெண்டையும் மாத்தி எழுதிட்டேன்டி. மேடம் கிளாஸ்ல படிச்சே காட்டிட்டாங்க. எல்லாம் சிரிச்சாளுங்க."

எனக்குள் ஜில்லென்று இருந்தது.

அம்மா மெஷினை மிதித்துக்கொண்டே, "ஏன்டி, நீ நோட்டைப் பார்த்துதானே கரெக்ட்னு சொன்ன?" என்றாள் என்னிடம்.

"விடுங்க ஆன்ட்டி" என்றாள் பியூலா. "பாவம், ஸ்கூலே முடிக்கல. அவளுக்கு எப்படித் தெரியும்?"

பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

"தெரியும்" என்றேன். "அன்னிக்கே தெரியும்." ரெண்டுக்கும் விளக்கத்தை இங்கிலீஷிலேயே சொன்னேன், தடுமாறாமல்.

மெஷின் நின்றது.

"தெரிஞ்சேதான் டிக் போட்டியா? சீ!"

வாசல் கதவை அறைந்துவிட்டுப் போனாள். அம்மா என்னையே பார்த்தாள். எனக்கு முகம் சுட்டது. இனிமேல் பியூலா வர மாட்டாள். என்னைப் பாவம் என்றும் சொல்ல மாட்டாள்.