நாற்பத்தொரு மணி நேரச் சிரிப்பு

டார்வின் கோவாக்கின் உயிர் நண்பர் நெட் ஹலாஸ், எட்டு மாதம் சட்டைக்குள் ஃபெடரல் புலனாய்வு அதிகாரிகளின் ஒலிப்பதிவுக் கருவியை ஒட்டிக்கொண்டு அவரோடு மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார். மொத்தம் நாற்பத்தொரு மணி நேரம். பதிவுகள் கோவாக்கின் வக்கீல் அலுவலகத்தைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு. அதனால் கோவாக் தினமும் கிளீவ்லாண்டின் பனியில் நனைந்து வந்து, அங்கே உதவியாளராக இருக்கும் என் மேஜைக்கு எதிரே ஹெட்போன் மாட்டிக்கொள்வார். தன்னைச் சிக்கவைக்கும் இடங்களைக் குறித்துத் தரவேண்டும். மூன்று வாரமாக நோட்டில் ஒரு வரி இல்லை.

"இதைக் கேளும்மா. என் ஜோக்குக்கு நெட் எப்படிச் சிரிக்கிறான் பாரு, மூச்சே முட்டுது!"

"சார், அடுத்த வரியில முதலீட்டாளருங்களுக்குக் காட்டின லாபம் பொய்னு ஒத்துக்கறீங்க."

"அது கிடக்கட்டும். இன்னொரு தடவை போடு."

ஜாமீன் நிபந்தனைப்படி நெட்டுடன் பேசக்கூடாது. இந்தச் சிரிப்புதான் மிச்சம்.

எங்கள் வக்கீல் ப்ரெஸ்காட், பன்னிரண்டு வருடம் அரசு வக்கீலாக இருந்து இப்படிப்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பியவர். இப்போது சிறை என்றாலே மனிதாபிமானத்தில் கண் கலங்குகிறார். கோர்ட்டில் அவர் வாதாடுவதைப் பத்திரிகைக்காரர்கள் வரைந்த ஓவியங்கள் ஐந்து, கழிப்பறை வாசல்வரை தொங்குகின்றன.

"குத்தத்தை ஒத்துக்கிட்டா மூணு வருஷம். வெள்ளிக்கிழமை கெடு. விசாரணைக்குப் போனா எட்டுகூட ஆகலாம்."

"ஒத்துக்கிட்டா நெட் கோர்ட்டுக்கு வருவானா?"

"அவசியமே இல்லை. இந்தப் பதிவுங்களும் திரும்பப் போயிடும்."

"அப்ப விசாரணையே நடக்கட்டும்."

ப்ரெஸ்காட் மலர்ந்துபோனார். "சபாஷ்! அந்தாளோட குடி, விவாகரத்து, எல்லாத்தையும் இழுத்து கூண்டுல நார்நாராக் கிழிச்சிடறேன்!" அவர் கண்கள் ஆறாவது ஓவியத்துக்குச் சுவரில் இடம் தேடின.

வியாழக்கிழமை கோவாக் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பதிவில், ஓட்டலில் அவர் கை கழுவப் போன நேரம். கருவி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நெட் பரிமாறும் பெண்ணிடம் கிசுகிசுக்கிறார்: "அவனுக்கு சர்க்கரை இல்லாத செர்ரி கேக்கையே வை. அவன்கிட்ட சொல்லிடாத, சண்டைக்கு வருவான்."

"எட்டு மாசமா கேக் நல்லாயில்லைன்னு அந்தப் பொண்ணைத் திட்டிக்கிட்டிருந்தேன்," என்றார் கோவாக்.

வெள்ளிக்கிழமை காலை குற்றத்தை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். "அவனைக் கூண்டுல ஏத்த வேண்டாம்." ப்ரெஸ்காட் வெறும் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பதிவுங்க எப்பப் போகும்?" என்று என்னிடம் கேட்டார் கோவாக்.

"திங்கக்கிழமை, சார்."

"ஆபீசை எப்பப் பூட்டுவே?"

"ஆறு மணிக்கு."

கோட்டைக்கூடக் கழற்றாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.